மூன்று கைகள் செய்த கார்: கிட் கோப்ராவை ரசிக்கும் முறை

பாகங்களாக வாங்கி, வீட்டை ஒட்டிய கொட்டகையில் உரிமையாளரே கோத்து முடிக்கும் வண்டி கிட் கார் எனப்படும். அது புகழ்பெற்ற பழைய கார் ஒன்றின் உருவத்தை ஏற்றிருந்தால் நகல் கார் என்றும் அழைக்கப்படும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நன்றாக வேரூன்றிவிட்ட இந்தப் பொழுதுபோக்கில் மிகுதியாக நகலெடுக்கப்பட்டவற்றுள் லோட்டஸ் செவனும் ஏ.சி. கோப்ராவும் முன்னிற்கின்றன. இத்தகைய காரைக் காட்சித் திடலில் காண்போர் பெரும்பாலும் "இது அசலா?" என்று கேட்டு, அல்ல என்று தெரிந்ததும் அடுத்த காருக்கு நகர்ந்துவிடுகின்றனர். அசல் தன்மை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் நகலில் குறை மட்டுமே தென்படும். அதற்குள் இருக்கும் வேலை தென்படாது. அந்த வேலையைப் பார்க்கக் கண்ணையும் காதையும் பழக்கிக்கொள்ளச் சில வழிகள் உண்டு.

இப்பழக்கத்தை வளர்த்ததில் ஒரு வரிக்குப் பெரும் பங்கு உண்டு. 1957இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவனை வெளியிட்டபோது, பிரிட்டனில் முழுமையாகக் கோக்கப்பட்ட புதிய காருக்குக் கொள்முதல் வரி கட்ட வேண்டியிருந்தது. பாகங்களாக விற்கப்பட்ட காருக்கு அந்த வரி இல்லை. ஆனால் பாகங்களோடு கோக்கும் முறையை விளக்கும் கையேடு தரப்பட்டால் சலுகை பறிபோகும் என்பதால், காரைக் கழற்றுவது எப்படி என்ற கையேட்டை லோட்டஸ் தந்தது என்றும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்துக் காரைக் கோத்தார்கள் என்றும் அக்காலத்துக் கதை ஒன்று இன்றும் வழங்குகிறது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டரம் நிறுவனத்துக்குச் சென்றது. வரிக்காகத் தொடங்கிய வழக்கம் வரி போன பிறகும் நிற்கவில்லை. 1996இல் ரான் சாம்பியன் எழுதிய நூல், 250 பவுண்டு செலவில் சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து செவனைப் போன்றதொரு காரை வீட்டிலேயே உருவாக்கலாம் என்று காட்டியதும், கிட் கூட இல்லாமல் கார் செய்யத் துணிந்த ஒரு கூட்டமே உருவாயிற்று. ஆகவே இக்கைவேலையின் வேர் சிக்கனத்தில் இருக்கிறது. பகட்டு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கோப்ராவின் கதை வேறு. மிலான் நகரத்துத் தூரிங் பட்டறை 1940களின் இறுதியில் ஃபெராரி 166 காருக்கு ஒரு திறந்த உடலை வடித்தது. அதைப் பார்த்துச் செய்யப்பட்ட உடலோடு ஜான் டோஜேரோ பிரிட்டனில் ஒரு பந்தயக் காரை உருவாக்க, அதன் உரிமையைப் பெற்ற ஏ.சி. நிறுவனம் 1953இல் ஏஸ் என்ற காரை வெளியிட்டது. 1959இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவரும், இதய நோயால் ஓட்டுவதை நிறுத்தியவரும், அதற்கெல்லாம் முன்பு டெக்சாஸில் கோழிப் பண்ணை வைத்துக் கைசுட்டுக்கொண்டவருமான கேரல் ஷெல்பி, அந்த மெல்லிய காருக்குள் ஃபோர்டின் வி-8 எஞ்சினை வைக்கும் யோசனையோடு வந்தார். 1962இல் கோப்ரா பிறந்தது. முதலில் 260 கன அங்குலம், அதாவது 4.2 லிட்டர் கொள்ளளவாக இருந்த எஞ்சின் பிறகு 289 ஆகி, 1965இல் 427 கன அங்குலத்துக்கு, அதாவது 7 லிட்டருக்கு உயர்ந்தது. அதே ஆண்டில் ஷெல்பியின் அணி, 2 லிட்டருக்கு மேற்பட்ட ஜி.டி. கார்களுக்கான உலகப் பட்டத்தை ஃபெராரியிடமிருந்து பறித்தது. ஃபெராரியின் சாயலை ஏற்றுப் பிறந்த காரின் வழிவந்தவையே ஃபெராரியைத் தோற்கடித்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், நகல் என்ற சொல்லை ஏளனமாகச் சொல்லும் துணிவு குறையும்.

அசல் கோப்ராக்கள் ஏறத்தாழ 1,000 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் முதல் கார் 2016இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் 1.375 கோடி டாலருக்கு விலைபோனது. இந்த விலையின் நிழலில்தான் நகல்கள் பெருகின.

நகலைப் பார்க்கும்போது அதில் மூன்று கைகளின் வேலை கலந்திருப்பதை முதலில் உணர வேண்டும். உருவத்தை வகுத்தவர் ஒருவர். அவ்வுருவத்தை ஃபைபர் கிளாஸ் உடலாகவும் சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டமாகவும் மாற்றி விற்கும் கிட் நிறுவனம் மற்றொன்று. அவற்றைக் கோத்து உயிர்கொடுத்த வீட்டுக்காரர் மூன்றாமவர். ஒரு கீர்த்தனையில் இயற்றியவரின் பங்கையும், பாடாந்தரத்தின் பங்கையும், மேடையில் பாடுபவரின் பங்கையும் தேர்ந்த ரசிகர் பிரித்தறிவதைப் போல, கோப்ராவின் எந்த அழகு யாருக்கு உரியது என்று பிரிக்கக் கற்பதே இங்கு ரசனையின் பெரும்பகுதி. பின்சக்கரத்தின் மேல் புடைத்தெழும் வளைவைக் கண்டு வீட்டுக்காரரைப் பாராட்டுவது பொருந்தாது. அவ்வளவு பளபளப்பாகத் தெரியாத வேறு சில இடங்களுக்காக அவரைப் பாராட்ட வேண்டியிருக்கிறது.

பத்தடி தூரத்தில் நின்று பக்கவாட்டில் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். கார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, சக்கரம் மட்கார்டு வளைவை எவ்வளவு நிறைக்கிறது என்பவற்றைச் சேர்த்து அதன் நிலை எனலாம். அசல் கோப்ராவின் சக்கரங்கள் 15 அங்குல விட்டமுடையவை. அவற்றைச் சுற்றி உயரமான டயர் தடித்து நிற்கும். பல நகல்களில் இக்காலப் பிரேக்குகளுக்கு இடம் வேண்டி 17 அல்லது 18 அங்குலச் சக்கரங்கள் போடப்படுகின்றன. டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிட, கார் ஓட்டத்தில் சிறப்பாக இருந்தாலும் பார்வைக்கு விறைப்பாகிவிடுகிறது. நீல உடலில் இரட்டை வெள்ளைப் பட்டை தீட்டுவது நகல்களில் ஏறக்குறைய சடங்காகிவிட்டது. சாலைக்கு விற்கப்பட்ட அசல்களில் பலவற்றுக்குப் பட்டையே கிடையாது. பட்டையில்லாத ஒற்றை நிற நகலைக் கண்டால், அதன் உரிமையாளர் கூட்டத்தோடு போகாமல் படங்களைத் தேடிப் பார்த்தவர் என்று ஓரளவு நம்பலாம்.

அடுத்து நெருங்கிச் சென்று கதவின் விளிம்புகளைப் பார்க்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் என்பது கண்ணாடி இழைப் பாயில் பிசினை ஊட்டி, அச்சில் இறுகச் செய்து எடுக்கும் பொருள். அச்சிலிருந்து வந்த பிறகும் சில காலம் அது நுண்ணிய அளவில் சுருங்கிக்கொண்டே இருக்கும். அச்சுத் துண்டுகள் கூடும் இடங்களில் மெல்லிய தழும்புக் கோடுகளும் உடல் முழுவதும் ஓடும். பொறுமையுள்ளவர் உடலை வெயிலில் வைத்து ஆறவிட்டு, அந்தக் கோடுகளைத் தேய்த்துப் பட்டி பார்த்து, கதவைப் பலமுறை மாட்டிக் கழற்றிய பிறகே வண்ணம் பூசுவார். அவசரப்பட்டவரின் காரில் சில மாதங்களில் அந்தக் கோடுகள் வண்ணத்தின் அடியிலிருந்து மேலே எட்டிப் பார்க்கும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலே இந்த வேறுபாடு விளங்கிவிடும். அசல் கோப்ராவின் அலுமினிய உடல் கையால் தட்டி உருவாக்கப்பட்டதால் இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுதும் ஒத்திருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பொருத்தத்தில் நல்ல நகல் அசலை மிஞ்சிவிடுவது உண்டு.

பானெட்டைத் திறந்த பிறகுதான் வீட்டுக்காரரின் கையெழுத்து தெரியத் தொடங்குகிறது. எஞ்சின், கியர்பாக்ஸ் முதலியவற்றை ஈந்து தான் மறைந்துவிடும் பழைய காரை டோனர் கார், அதாவது கொடை வண்டி, என்பர். அமெரிக்காவில் பெரும்பாலும் ஃபோர்டு மஸ்டாங் இந்தக் கொடையைச் செய்தது. பிரிட்டனில் ஜாகுவாரின் சஸ்பென்ஷனும் ரோவரின் 3.5 லிட்டர் வி-8 எஞ்சினும் இதற்கு மிகுதியாகப் பயன்பட்டன. அந்த ரோவர் எஞ்சினும் அமெரிக்க பியூக் நிறுவனம் வடிவமைத்ததுதான். கோவையில் எஸ். கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி உருவாக்கிய பந்தயக் கார்களும் இதே சூத்திரத்தில் எழுந்தவை என்பதைத் தமிழ் வாசகர் இங்கு நினைத்துக்கொள்ளலாம். வெவ்வேறு தொழிற்சாலைகளில், வெவ்வேறு காலத்தில், ஒன்றையொன்று அறியாமல் பிறந்த பாகங்கள் சந்திக்கும் இடங்களில்தான் எந்தக் கையேடும் முழுமையாக உதவாது. ஸ்டியரிங் தண்டு எஞ்சினின் புகைக்குழாயைத் தொடாமல் எப்படி வளைந்து இறங்குகிறது, பிரேக் குழாய்கள் இணைகோடுகளாக மடிக்கப்பட்டுச் சீரான இடைவெளியில் கிளிப்புகளால் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா, தகட்டின் துளை வழியாக வயர் நுழையும் இடத்தில் விளிம்பு அறுக்காதபடி ரப்பர் வளையம் இருக்கிறதா, அலுமினியத் தகடுகளின் ரிவெட்டுகள் அளந்து அடித்தாற்போல் வரிசையாக இருக்கின்றனவா என்பவையே கவனித்து ரசிக்க வேண்டியவை. முக்கியமான நட்டுகளின் மேல் சிறு வண்ணக்கோடு இழுக்கப்பட்டிருந்தால், அவை அளவுகாட்டும் ஸ்பானரால் குறித்த விசைக்கு முறுக்கப்பட்டன என்பதற்கும், பிறகு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கும் அதுவே அடையாளம். பளபளக்கும் குரோம் மூடிகளைவிட இந்த வண்ணக்கோடு உயர்ந்த அழகு.

பக்கவாட்டில் 427 என்ற எண் பொறித்திருக்க, உள்ளே மஸ்டாங்கிலிருந்து வந்த 302 கன அங்குல எஞ்சின் இருப்பது நகல்களில் மிகச் சாதாரணம். இதைப் பொய் என்று கண்டிப்போர் உண்டு. ஆனால் ஷெல்பியே 427 என்று விற்ற கார்களில் சிலவற்றில், பந்தயத்துக்கென்று செய்யப்படாத, விலை குறைந்த 428 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி அனுப்பினார் என்பது பதிவான உண்மை. எண்ணைப் பொறிப்பது உருவத்தைப் பின்பற்றுவதன் ஒரு பகுதி என்று விட்டுவிடலாம். பழைய சேஸிஸ் எண்ணைப் போலியாகப் பொறித்து அசல் என்று விற்பது மட்டுமே மோசடி. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

கண்ணுக்குப் பிறகு காது. வி-8 என்பது எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசைகளில் சாய்ந்து நிற்கும் எஞ்சின். கோப்ராவில் பயன்படும் வகையில், மொத்த எஞ்சினையும் சேர்த்துப் பார்த்தால் வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழ்ந்தாலும், ஒரு வரிசையை மட்டும் தனியே எடுத்தால் அவை ஒழுங்கற்ற தாளத்தில் விழும். கோப்ராவின் புகைக்குழாய்கள் இரு பக்கமும் தனித்தனியே வெளியேறுவதால், காரின் ஒரு பக்கத்தில் நிற்பவருக்கு அந்த ஒழுங்கற்ற தாளமே குமுறலாகக் கேட்கிறது. ஃபோர்டு ஜி.டி.40 காரில் இரு வரிசைகளின் குழாய்களையும் குறுக்கே பின்னிச் சேர்த்ததால் இக்குமுறல் மறைந்து சீரான உயர்ந்த ஒலி எழுந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு எளிதில் பிடிபடும். நிதான ஓட்டத்தில் தகடுகள் அதிர்ந்து கிலுகிலுக்கவில்லை என்றால் ரிவெட்டு அடித்தவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

காரைக் கட்டும் கட்டங்களில் ரசிகர் காணக் கொடுத்துவைக்க வேண்டிய ஒன்று உண்டு. எஞ்சின், சக்கரங்கள், ஸ்டியரிங், ஓர் இருக்கை ஆகியவை பொருத்தப்பட்டு, உடல் இன்னும் மாட்டப்படாத நிலையில் பலர் காரை முதன்முறையாக வீட்டு முற்றத்தில் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பர். கோகார்ட் கட்டம் என்று அமெரிக்கர் இதை அழைக்கின்றனர். எண்ணெய்க் கசிவு, பிரேக் குறை முதலியவற்றை உடல் மறைப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் உருவத்தின் கவர்ச்சி எதுவுமின்றிப் பொறியியல் மட்டும் நகர்வதைக் காணும் வாய்ப்பும் இதுவே. வண்ணம் பூசிய காரைவிட இதைப் பார்ப்பதே மேல் என்று கருதும் ரசிகர் சிலர் உள்ளனர், அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு.

சட்டமும் அழகில் தலையிடுகிறது. பிரிட்டனில் 2009 முதல் இத்தகைய வண்டிகள் தனிவண்டி ஒப்புதல் என்ற சோதனையில் தேற வேண்டும். வெளிப்புறத்தில் ஆள்மேல் படக்கூடிய விளிம்புகள் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் உருண்டிருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. போல்ட்டுத் தலைகளில் காணப்படும் பிளாஸ்டிக் மூடிகளுக்கும் தகட்டு ஓரங்களில் ஓடும் ரப்பர்ப் பட்டைக்கும் காரணம் இதுவே. தேறியதும் அவற்றைக் கழற்றிவிடுவோரும் உண்டு. பாகங்களின் வயதையோ பூர்வீகத்தையோ உறுதிசெய்ய முடியாத வண்டிக்குக் 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் தரப்படுகிறது. விற்பனையில் அது மதிப்பைக் குறைத்தாலும், ரசிகரைப் பொறுத்தவரை அது நேர்மையான பெயர்ப்பலகை.

அடுத்த முறை இப்படியொரு கார் கண்ணில் பட்டால், அசலா என்று கேட்பதை விடுத்து, எந்தப் பாகத்தைப் பொருத்த மிகுந்த நாளாயிற்று என்று உரிமையாளரைக் கேட்க வேண்டும்; பெரும்பாலானோர் உடனே பானெட்டைத் திறந்து காட்டுவர். உட்காரும்படி அழைத்தால் தயங்காமல் உட்காரலாம். இறங்கும்போது மட்டும் கவனம் தேவை: கதவுக்குக் கீழே ஓடும் புகைக்குழாய் எஞ்சின் நின்ற பிறகும் நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும், கெண்டைக்காலில் அது இடும் சூட்டுக்குக் கோப்ராக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பாம்புக்கடி.