நெடிய இசைப்படைப்பும் இசைத்தட்டுச் சேகரிப்பும்: 'புரோகிரசிவ் றொக்' இரசிகர் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

'முற்போக்கு' என்னும் அடைமொழிக்கு நாம் கொள்ளும் பொருள் வேறு. 'புரோகிரசிவ் றொக்' என ஆங்கில இசையுலகில் அது பெறும் பொருள் வேறு. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954 இல் தோன்றிய நாள்தொட்டு எமது விமர்சன மரபில் அச்சொல் சமூக மாற்றத்தின் பக்கம் சார்ந்து நிற்பதைக் குறித்து வந்துள்ளது. 1960 களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான இசைவகையொன்றிற்கு அதே அடைமொழி சூட்டப்பட்டபோது, அது பெரும்பாலும் வடிவ விரிவையே சுட்டியது. மூன்று நிமிடப் பாடலின் எல்லையைக் கடத்தலும், மேனாட்டுச் செவ்வியல் இசையினதும் ஜாஸ் இசையினதும் அமைப்பு முறைகளை றொக் இசைக்குள் கொணர்தலும் இவ்விசைவகையின் முதன்மை இயல்புகள் எனலாம். ஜெனசிஸ் குழுவைத் தோற்றுவித்தோர் சாட்டர்ஹவுஸ் என்னும் மேட்டுக்குடிப் பாடசாலையின் மாணவர். இவ்விசையின் மத்தியதர வர்க்கத் தோற்றுவாயை எட்வேட் மக்கன் 1997 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார்; மார்க்சியச் சார்புடைய மெய்யியலாளரான பில் மார்ட்டின், அதன் உள்ளே மேலானதொரு சமுதாயம் பற்றிய கனவு பொதிந்துள்ளது என 1998 இல் வாதித்தார். அவ்விவாதத்தைத் தொடர்வது ஈண்டு எமது நோக்கமன்று. எமது கவனத்திற்குரியோர் இவ்விசையின் இரசிகர். அதிலும் குறிப்பாக, மாதக் கட்டணமொன்றினாற் கோடிக்கணக்கான ஒலிப்பதிவுகளைக் கேட்கக்கூடிய இன்றும் அல்பங்களை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்து வைப்போர்.

இவர்களைப் பழமையேக்கம் கொண்டோர் எனக் கூறி அப்பாற் செல்வதே பத்திரிகை எழுத்தாளரின் வழக்கம். முதுமையெய்தும் ஆடவர் தமது இளமையைத் தட்டுகளாக அடுக்கி வைக்கின்றனர் என்பது அவ்விளக்கத்தின் சாரம். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், இவ்விசையின் இரசிகரே அல்பத்தை இத்துணைப் பிடிவாதமாகப் பற்றி நிற்பது ஏன் என்பதற்கு இவ்விளக்கம் விடை பகரவில்லை. நடனவிசை இரசிகருக்கும் இளமைக்காலம் ஒன்று இருந்ததல்லவா? விடையை உளவியலிலே தேடுவதிலும் பார்க்க, படைப்பின் வடிவத்திலும் அவ்வடிவத்தைச் சாத்தியமாக்கிய உற்பத்திச் சாதனத்திலும் தேடுவதே தகும்.

நிமிடத்திற்கு 33⅓ தடவை சுழலும் நெடுநேர இசைத்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948 இல் அறிமுகஞ் செய்தது. அதற்குமுன் வழங்கிய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வரையே ஒலித்தது. புதிய தட்டின் பக்கமோ இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. ஜனரஞ்சக இசையை வாழ்நாள் முழுவதும் கடுமையாகச் சாடிய தியோடர் அடோர்னோ, தமது இறுதி ஆண்டாகிய 1969 இல் எழுதிய கட்டுரையொன்றில், இசைநாடகம் அரங்கின் ஆடம்பரங்களிலிருந்து விடுபட்டுச் செறிந்த கவனத்துடன் கேட்கப்படுவதற்கு நெடுநேர இசைத்தட்டே உகந்த சாதனம் என்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் கிங் கிறிம்சன் குழுவின் 'இன் த கோர்ட் ஒஃப் த கிறிம்சன் கிங்' வெளிவந்தது. அடோர்னோ அதற்கு இரண்டு மாதம் முன்னரே காலமாகிவிட்டார். கேட்டிருப்பினும் அவர் முகஞ் சுளித்திருப்பார் என்றே எண்ணுகிறோம். ஆனால் அவர் இசைநாடகத்திற்குக் கூறியதை றொக் இசைக்குச் செய்து காட்டியவர்கள் இவ்விளைஞரே.

யெஸ் குழுவின் 'குளோஸ் ரு த எட்ஜ்' அல்பத்தில் (1972) உள்ளவை மூன்றே படைப்புகள். அவற்றுள் ஒன்று தட்டின் முதற்பக்கம் முழுவதையும் நிறைக்கின்றது. வான் டெர் கிறாஃப் ஜெனறேற்றர் குழுவின் 'போன் ஹார்ட்ஸ்' (1971) இரண்டாம் பக்கத்தை ஏறத்தாழ 23 நிமிடம் நீளும் ஒரே படைப்புக்கு ஒதுக்கியது. ஜெனசிஸ் குழு 1972 இல் வெளியிட்ட 'சப்பர்ஸ் ரெடி'யும் ஏறக்குறைய அதே அளவினது. இந்நீளங்கள் தற்செயலானவையல்ல. தட்டின் பக்கத்தில் நேரம் கூடக்கூட வரிப்பள்ளங்கள் நெருக்கமாக வெட்டப்பட வேண்டியிருப்பதால் ஒலியின் வலிமை குன்றும். ஆகவே இசையமைப்பாளனின் கற்பனைக்குத் தட்டின் ஆரமே வரம்பு கட்டிற்று. ஜெத்ரோ ரல் குழுவின் 'திக் அஸ் எ பிறிக்' (1972) ஒரே தொடர்ச்சியான படைப்பு. எனினும் தட்டைப் புரட்டுவதற்காக அது நடுவே பிளக்கப்பட்டது. அதன் உறையே கற்பனையான சிற்றூர்ச் செய்தித்தாளொன்றாகப் பன்னிரண்டு பக்கங்களில் அச்சிடப்பட்டிருந்தது. வடிவம் சாதனத்திற்கு அடிமையானதும் உண்டு. நான்கு பக்கங்களுக்கு நான்கு படைப்புகள் என்று அமைந்த யெஸ் குழுவின் 'ரேல்ஸ் ஃபுறொம் ரொப்போகிறஃபிக் ஓஷன்ஸ்' (1973) பல இடங்களிற் பக்கத்தை நிரப்புவதற்காகவே நீட்டப்பட்டுள்ளது என்பது எமது கருத்து. இரசிகர் சிலர் இதனை ஏற்கமாட்டார். எவ்வாறாயினும், இவர்கள் 'முழுமை' என்று போற்றுவது சரித்திரத்தின் ஒரு கட்டத்தில், ஒரு குறிப்பிட்ட பண்டத்தின் அளவுக்கு இயைய உருவான முழுமையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அம்முழுமையை இன்று குலைப்பதும் உற்பத்தி உறவுகளே. ஸ்ட்ரீமிங் எனப்படும் இணையவழி ஒலிபரப்பிற் கணக்கின் அலகு தனிப்பாடல். 2008 இற் சேவையை ஆரம்பித்த ஸ்பொற்றிஃபை நிறுவனத்தின் கணக்கில், ஒரு பதிவு முப்பது வினாடிகள் ஒலித்தால் அது 'ஒரு தடவை' ஆகும். மூன்று நிமிடப் பாடலும் ஒரு தடவை. இருபத்து மூன்று நிமிடப் படைப்பும் ஒரு தடவை. நெடும்படைப்பு ஒருமுறை ஒலித்து முடிவதற்குள் குறும்பாடல்கள் ஏழு ஒலித்துவிடும்; எனவே கேட்குநர் செலவிடும் நேரம் ஒன்றேயாயினும் கணக்கிற் சேரும் எண்ணிக்கை ஏழிலொன்றாகச் சுருங்கிவிடுகின்றது. மேலும், முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவைக்குக் குறைவாக ஒலித்த பதிவுகளுக்கு ஊதியம் இல்லை என்னும் விதி 2024 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய ஏற்பாட்டின்கீழ் நீண்ட படைப்பை ஆக்குவோன் தனது நட்டத்தைத் தானே தெரிந்து கொள்கிறான். அல்பப் பாடல்களை வரிசை கலைத்து ஒலிக்கச் செய்வதை முதன்மை ஏற்பாடாகக் கொண்டிருந்த அந்நிறுவனம், 2021 நவம்பரிற் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதன் பேரிலேயே அதனைக் கைவிட்டது. உலகப் புகழ் பெற்ற ஒருவரின் வேண்டுகோள் தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அல்பத்தின் முழுமை ஒருமுறை நீதிமன்றத்திலும் வழக்காடப்பட்டது. அப்பிள் நிறுவனத்தின் ஐரியூன்ஸ் கடை 2003 இல் திறக்கப்பட்ட பின்னர் அல்பங்களைப் பாடல் பாடலாகப் பிரித்து விற்பது வழமையாயிற்று. பிங்க் புளொயிட் குழுவினர் இ.எம்.ஐ. நிறுவனத்துடன் 1999 இற் செய்த ஒப்பந்தத்தில், அல்பங்களின் கலை ஒருமையைப் பேணும் வாசகம் ஒன்று இருந்தது. குழுவின் இசைவின்றி இணையத்திலும் பாடல்களைப் பிரித்து விற்கலாகாது என 2010 மார்ச் மாதத்தில் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாண்டு டிசம்பரில் அதனை உறுதிப்படுத்தியது. இரசிகர் மகிழ்ந்தனர். ஆனால் 2011 ஜனவரியில் இரு தரப்பினரும் புதிய ஒப்பந்தமொன்றிற் கையொப்பமிட்டனர். பாடல்கள் தனித்தனியே விற்கப்படலாயின. கலை ஒருமை பேரம் பேசுவதற்குரிய உடைமையாகவும் இருந்தது என்பதை அம்மாதம் காட்டிற்று. குழுவின் ஒலிப்பதிவு உரிமைகளும் பெயரும் 2024 இல் ஏறத்தாழ 40 கோடி டொலருக்கு சோனி நிறுவனத்தின் கைக்கு மாறியதாகச் செய்திகள் கூறின.

இப்பின்னணியிலேயே சேகரிப்பாளனை நோக்குதல் வேண்டும். படைப்பாளியே விட்டுக்கொடுத்த முழுமையை அவன் தனது அலுமாரியிற் காக்கின்றான். மாதக் கட்டணம் செலுத்துவோன் பெறுவது கேட்பதற்கான அனுமதி மட்டுமே. உரிமையாளரும் நிறுவனமும் முரண்படின் அவ்வனுமதி ஒரே இரவில் மறையலாம். கிங் கிறிம்சன் குழுவின் அல்பங்கள் 2019 வரை பெரும் ஸ்ட்ரீமிங் சேவைகளில் இடம்பெறவேயில்லை. இன்னொன்றும் உண்டு. அக்குழுவின் முதல் அல்பத்தை ஸ்ரீவன் வில்சனும் றொபேட் ஃபிறிப்பும் 2009 இல் மூல நாடாக்களிலிருந்து மீண்டும் கலந்து வெளியிட்டனர். யெஸ், ஜெத்ரோ ரல், ஜென்ரில் ஜயன்ற் ஆகிய குழுக்களின் அல்பங்களுக்கும் வில்சன் இவ்வாறே செய்துள்ளார். ஆகவே ஒரே பெயரில் இன்று பல 'பாடங்கள்' உலவுகின்றன. எது எந்த ஆண்டினது, எங்கு வெட்டப்பட்டது என்பதைத் தட்டின் உள்விளிம்பிற் பொறிக்கப்பட்ட இலக்கங்களைக் கொண்டு இரசிகர் துணிகின்றனர். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்ட எமது பதிப்பாசிரியர்களின் உழைப்பை அறிந்தோர் இதனை எள்ளி நகையாடார். 2000 ஆம் ஆண்டில் உருவான டிஸ்கொக்ஸ் என்னும் இணையப் பட்டியல் இத்தகைய இரசிகரின் ஊதியமற்ற உழைப்பினாலேயே வளர்ந்தது. அப்பட்டியல் எவரும் பயன்படுத்தக்கூடியது என்பது அதன் சிறப்பு. அதன்மீது எழுப்பப்பட்ட சந்தையில் விற்பனை தோறும் நிறுவனம் தரகு பெறுகின்றது என்பதும் உண்மையே.

ஆனால் நாம் இங்கு நின்றுவிட முடியாது. காக்கப்படும் பொருள் பண்டமாகும்போது அதன் இயல்பும் மாறுகின்றது. கிங் கிறிம்சனின் 'லார்க்ஸ் ரங்ஸ் இன் அஸ்பிக்' ஒற்றைத் தட்டாக 1973 இல் வெளிவந்தது. 2012 இற் பதினைந்து தட்டுகள் கொண்ட பேழையாக மீண்டும் விற்பனைக்கு வந்தது. பிங்க் புளொயிட்டின் தொடக்க ஆண்டுகள் பற்றிய 2016 ஆம் ஆண்டுப் பேழை 27 தட்டுகளைக் கொண்டது. ஒத்திகைகள், ஒரே இசையின் வெவ்வேறு நாள் நிகழ்ச்சிகள், கைவிடப்பட்ட முயற்சிகள் யாவும் இவற்றுள் அடக்கம். ஆய்வாளனுக்கு இவை பெருவிருந்து. சாதாரண இரசிகனோ முன்னரே இசைத்தட்டாகவும் இறுவட்டாகவும் வாங்கியதை மூன்றாம் முறையும் நான்காம் முறையும் வாங்குகின்றான். முழுமையை நாடியவனுக்கு முழுமையின் எல்லை ஆண்டுதோறும் தள்ளி வைக்கப்படுகின்றது. அமெரிக்காவில் 2022 இல் வைனில் இசைத்தட்டுகள் 4 கோடி 10 இலட்சமும் இறுவட்டுகள் 3 கோடி 30 இலட்சமும் விற்பனையாயின. 1987 இன் பின் எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அதுவே முதல் முறை. எனினும் அங்கு இசைத்தட்டு வாங்கியோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடமே அதனை ஒலிக்கச் செய்யும் கருவி உண்டென்று லூமினேற் நிறுவனத்தின் ஆய்வு அறிவித்தது. கேட்கப்படாத இசைத்தட்டு! பயன்மதிப்பு மறைந்து மாற்றுமதிப்பும் தோற்றமும் மட்டும் எஞ்சும் நிலையை மார்க்ஸ் பண்டவழிபாடு பற்றிக் கூறியவற்றோடு ஒப்புநோக்குவது பொருந்தும். இவ்விடத்து முற்போக்கு றொக் இரசிகரைப் பொதுவான இசைத்தட்டு நாகரிகத்தினரோடு ஒன்றாக்கிக் கண்டிப்பது அநீதியாகலாம். அவர்களுட் பெரும்பாலோர் கேட்பதற்காகவே வாங்குகின்றனர். ஆனால் சந்தை அவ்வேறுபாட்டைப் பாராட்டுவதில்லை. விலை இருவருக்கும் ஒன்றே.

உடைமையாக்கலுக்கு அப்பாலும் இவ்விரசிகர் சென்றதுண்டு. மறிலியன் குழுவின் இரசிகர் 1997 இல் இணையவழி ஏறத்தாழ 60,000 டொலர் திரட்டி அக்குழுவின் அமெரிக்கச் சுற்றுலாவைச் சாத்தியமாக்கினர். பின்னர் அக்குழு, இன்னும் ஆக்கப்படாத அல்பத்துக்கு முன்பணம் தருமாறு வேண்டியபோது 12,000 இற்கு மேற்பட்டோர் இணங்கினர். 2001 இல் வெளிவந்த அவ்வல்பம் இவ்வாறே உருவாயிற்று. இங்கு வாங்குவோன் உற்பத்தியின் தொடக்கத்திலேயே பங்காளியாகின்றான். இதற்கும் முன்னோடி உண்டு. 1968 இற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவராற் தொடங்கப்பட்ட ஹென்றி கவ் குழு, 1978 மார்ச்சில் இத்தாலி, சுவீடன், பெல்ஜியம், பிரான்ஸ் நாட்டுக் குழுக்களை இலண்டனுக்கு அழைத்து 'எதிர்நிலை றொக்' என்னும் அணியை அமைத்தது. பெருநிறுவனங்கள் புறக்கணித்த இசையைத் தாமே பரப்புவது அவர்தம் குறிக்கோள். அதே ஆண்டில் அக்குழுவின் மேளக் கலைஞர் கிறிஸ் கற்லர் றெக்கமென்டட் றெக்கோட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை நிறுவினார். இவ்வணியின் இசையிலே தான் ஆங்கில அடைமொழியும் எமது 'முற்போக்கும்' ஓரளவேனும் சந்திக்கின்றன. இரசிகரின் அலுமாரிகளில் இவர்களது தட்டுகள் அருகியே காணப்படுவது வருந்தத்தக்கது.

ஸ்ட்ரீமிங்கை முற்றாக நிராகரிக்கும் சேகரிப்பாளரிடம் நாம் கேட்க வேண்டிய வினாவொன்றும் உண்டு. பதினைந்து தட்டுப் பேழையின் விலையை மாத வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நேரும் நாடுகளில், ஒரு மாணவன் 'சப்பர்ஸ் ரெடி'யை எவ்வாறு கேட்பது? அவனுக்கு இவ்விசை கிட்டியதே ஸ்ட்ரீமிங்கின் வழியாகத்தான். பிங்க் புளொயிட்டின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' (1973) தட்டின் ஒவ்வொரு பக்கமும் பாடலுக்குப் பாடல் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லுமாறு அமைக்கப்பட்டது. கட்டணம் செலுத்த இயலாத மாணவன் அதனைக் கேட்கும்போது ஒரு பாடல் அடுத்ததனுட் கலக்கும் அவ்விடத்திற் சவர்க்கார விளம்பரமொன்று வந்து புகுகின்றது. அவன் காத்திருந்து மிகுதியைக் கேட்கின்றான்.