மேல் வட்டம்

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமானக் களத்தில் வந்து இறங்குவதிலே எந்தக் கட்டம் உத்தமமானது என்று கேட்டால், பெரும்பாலான விமானிகள் ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டமான ஃபைனலையே சொல்வார்கள். சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் உராய்ந்து செல்கிற கணத்தைச் சிலர் சொல்வார்கள். ஃபைனலுக்கு முந்தைய பேஸ் திருப்பத்தின் வளைவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார், அவருடைய ரசனையை நான் குறைத்து மதிப்பவனல்லன். ஆயினும், ஆண்டுகள் செல்லச் செல்ல என் மனம் லயித்து நிற்பது அவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற, பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுமே நிகழாதது போல் தோன்றுகிற ஒரு காரியத்தில்தான். காற்றின் திசை காட்டும் காற்றுப்பைக்கு மேலே, தரையிலிருந்து 2,000 அடி உயரத்தில், அவசரம் என்பதே அறியாதவனைப் போல் விமானி போடுகிற அந்த ஒரு சுற்றைச் சொல்கிறேன். விமானிகள் அதை ஓவர்ஹெட் என்பார்கள். எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர், மைசூர்த் தமிழர், 'மேல் வட்டம்' என்பார். அந்தப் பெயரே எனக்கு உவப்பானது.

மேல் வட்டத்தின் சௌந்தரியத்தை முழுமையாக அனுபவிக்க மண்டகள்ளியைப் போன்ற இடம் வேறில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். நஞ்சன்கூடு சாலையோரம், 1940ஆம் ஆண்டளவில் மைசூர் சமஸ்தானம் அமைத்த அந்தக் களம், கிழக்கு மேற்காக ஒரே ஓடுபாதையுடன், பல்லாண்டுக் காலம் முறையான பயணிகள் சேவை ஏதுமின்றி, எங்களைப் போன்ற சின்ன விமானக்காரர்களுக்கென்றே கிடந்தது. களமே கடல் மட்டத்துக்கு மேல் 2,300 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. வடக்கே நாலைந்து கிலோமீட்டர் தொலைவில் சாமுண்டி மலை 1,060 மீட்டர் அளவில், அதாவது ஏறக்குறைய 3,480 அடியில் நிமிர்ந்து நிற்கிறது. களத்திலிருந்து 1,000 அடியில் சர்க்யூட், அதாவது இறங்குவதற்கான வட்டம், பறக்கிறவனுடைய உயரமானி காட்டுகிற எண்ணும் மலை உச்சியின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றேயாகி விடுவதை, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்நேரம் பார்த்திருப்பார்கள். ஆகவே அந்தச் சர்க்யூட் வட்டம் எப்போதும் தெற்கே, கபினி ஓடுகிற பக்கமாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் பெரியவர் வகுத்த விதி. ஆனி, ஆடி மாதத்து மேல்காற்றில், மேற்கு நோக்கி இறங்கும்போது அது இடது வட்டமாக அமையும். மார்கழிக் கீழ்க்காற்றில், கிழக்கு நோக்கி இறங்கும்போது அதுவே வலது வட்டமாக மாறும். திசை மாறினாலும் பக்கம் மாறாது.

இடது வட்டத்தன்று மேல் வட்டத்திலிருந்து இறங்குவதுதான் இதிலே கிரீடம் போன்ற பகுதி. ஓடுபாதைக்கு வடக்கே, போக்குவரத்தில்லாத டெட் சைடில், மேற்கு முகமாக மெல்ல உயரத்தை உதிர்த்துக்கொண்டு வருகையில், 2,000 அடி 1,000 அடியாகக் குறைகிற அந்த இடைவெளியில், ஏறத்தாழ முக்கால் பங்கு இறங்கியானதும், வலது இறக்கையின் அடியிலே சாமுண்டேசுவரி கோயிலின் கோபுரம் கண்ணுக்கு நேர் மட்டத்தில் வந்து நிற்கும். அந்நாளில் கோபுரமற்ற அந்தக் களத்தில் இறங்கியவனுக்கு அம்பாளின் கோபுரமே அளவுகோலாக அமைந்துவிட்ட பாக்கியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அங்கிருந்து இடது புறமாகத் திரும்பி, ஓடுபாதையின் மேற்கு முனையை 1,000 அடியில் குறுக்கே கடக்க வேண்டும். புறப்படுகிற விமானம் அந்த இடத்தில் அவ்வளவு உயரம் எட்டியிருக்காது என்பதால்தான் முன்னோர் அந்த முனையைத் தேர்ந்தெடுத்தார்கள். இதிலே வீணான அசைவு ஒன்றுகூடக் கிடையாது.

இதை ஒப்பாதவர்கள் உண்டு. மண்டகள்ளியில் டெட் சைடு என்பது மலைப்பக்கம், உயரத்தைக் குறைக்கிறவன் மலையை நோக்கிப் போவானேன் என்று கேட்கிறவர்களுடைய கேள்வி நியாயமானதே. ஆனால் மேல் வட்டம் இறுக்கமாக, ஓடுபாதையை ஒட்டி, ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் போட வேண்டியது. அப்படிப் போடுகிறவனுக்கும் மலைக்கும் நடுவே தாராளமான ஆகாயம் இருக்கிறது. அகலப் போடுகிறவனுக்குத்தான் மலை ஆபத்து. இறுக்கமாகப் பறக்கும் அப்யாசத்தை அந்த மலையே கட்டாயப்படுத்திக் கற்பிக்கிறது என்பதை எண்ணும்போது, அதை இடைஞ்சல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அமெரிக்க முறையைப் பயின்றவர்கள், வட்டத்துக்கு வெளியிலிருந்து, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த் திசையில் பறக்கும் டவுன்விண்டின் நடுப்பகுதிக்கு 45 பாகைக் கோணத்தில் வந்து சேர்வதே சிறந்தது என்பார்கள். பொதுமக்கள் உபயோகத்துக்கென உள்ள 5,000 சொச்சம் களங்களில் ஏறக்குறைய 500க்கு மட்டுமே கோபுரம் வைத்திருக்கிற தேசத்தின் அனுபவம் அது. அலட்சியமாகத் தள்ளக் கூடியதன்று. இருந்தாலும், அந்த முறையில் வருகிறவன் களத்தை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறான். மேல் வட்டக்காரன் களத்தை முழுதாக, தாம்பாளத்தில் வைத்ததைப் போல, கீழே வைத்துப் பார்க்கிறான்.

நேராக உள்ளே வந்து இறங்குகிறவர்களோடு மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. கச்சேரிக்குத் தாமதமாக வருகிற பண்புள்ள மனிதர் வாசலிலேயே நின்று, பாட்டு முடியும்வரை காத்திருந்து, எந்த வரிசையில் இடம் இருக்கிறதென்று கண்ணால் துழாவிக்கொண்டு, அதன் பிறகே அடி எடுத்து வைப்பார். நேராக உள்ளே வருகிறவரோ, தாம் வருவதை வாசலிலேயே உரக்கச் சொல்லிவிட்டதால் எல்லாரும் விலகிக்கொள்வார்கள் என்று நம்பி நடக்கிறார். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி, கலிபோர்னியாவில் வாட்சன்வில் என்ற கோபுரமற்ற களத்தில், தொலைவிலிருந்து நேராக, சுமார் 180 நாட் வேகத்தில் வந்த இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று, வட்டத்தில் பறந்துகொண்டிருந்த சின்னஞ்சிறு செஸ்னா 152ன் மீது ஃபைனலில் மோதி, மூன்று உயிர்கள் போயின. இரண்டு விமானிகளும் வானொலியில் தங்கள் இருப்பைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள் என்பதை நினைக்க நினைக்க நெஞ்சு பதைக்கிறது. குரல் கேட்டது, ஆயினும் பாதை விலகவில்லை.

வானொலியே இல்லாத தலைமுறையொன்று நமக்கு இருந்தது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் புறப்பட்டு, அகமதாபாத் வழியாக, பம்பாயின் ஜுஹு களத்தில் தமது புஸ் மாத் விமானத்தை இறக்கிய ஜே. ஆர். டி. டாட்டாவுக்கும், அந்தத் தபாலை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்த நெவில் வின்சென்ட்டுக்கும் கண்ணே செவி, கண்ணே நாவு. ஆனால் என் மனத்துக்கு இவர்களைவிட நெருக்கமானவர்கள் கேப்டன் வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும். மைசூர் மகாராஜாவின் டக்கோட்டாவைச் செலுத்திய தமிழ்த் தம்பதியர். சமஸ்தானங்கள் இணைகிற அந்த நாட்களில் சர்தார் பட்டேலை ஏற்றிச் சென்றவர்கள். பெங்களூர் ஜக்கூரில், மகாராஜா ஜயசாமராஜ உடையார் அளித்த நிலத்தில் எழுந்த அரசுப் பயிற்சிப் பள்ளியில், 1949இல் முதன்முதலாகத் தேறி வெளிவந்தவர் உஷா. 1951இல் மதராஸ் அரசுக்காக வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இருவரும் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்ததை எல்லாரும் புகழ்வார்கள், புகழவேண்டியதுதான். எனக்கோ அந்த வேகத்தைக் காட்டிலும், டக்கோட்டாவைப் போன்ற கனத்த விமானத்தோடு ஏதோ ஒரு சமஸ்தானத்துச் செம்மண் களத்தின் மேல் வந்து, மாடுகள் நிற்கின்றனவா, துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று அந்த அம்மையார் ஜன்னல் வழியே குனிந்து பார்த்திருக்கக்கூடிய அந்தச் சுற்றுத்தான் திரும்பத் திரும்ப மனக்கண்ணில் எழுகிறது.

1970களின் பிற்பகுதியில், ஒரு தசரா வாரத்தில், பெரியவரோடு ஜக்கூரிலிருந்து மண்டகள்ளிக்கு வந்த நாளை நான் மறக்க இயலாது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய புஷ்பக், 90 குதிரை சக்தி, வானொலி கிடையாது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவேரியைத் தாண்டி, மைசூர் அரண்மனையை வலது புறம் விட்டு, மலைக்கு மேலாகவே களத்துக்கு வந்தோம். மேல்காற்று விடைபெறாமலும் கீழ்க்காற்று வந்து சேராமலும் இருக்கிற பருவம் அது. காற்றுப்பை ஒரு கணம் கிழக்கைக் காட்டும், மறு கணம் தொங்கிவிடும், பிறகு மேற்கே மெல்ல நிமிரும். கீழே இரண்டு விமானங்கள் நின்றன. வட்டத்தில் ஒன்று பழைய இடது வட்டத்தையே பறந்துகொண்டிருந்தது.

"எத்தனைப்பா?" என்றார் பெரியவர். அவருடைய வழக்கமான கேள்வி அது.

"மூணு, சார்."

"நாலு. காலையில நாலு கிளம்பித்து. இன்னொரு சுத்து போ."

போனேன். மூன்றாகவே தெரிந்தது. மறுபடியும் ஒரு சுற்று போகச் சொன்னார். சூரியன் விழுந்து தகதகத்துக்கொண்டிருந்த ஓர் ஏரியின் மேலாக, நீரின் பளபளப்பிலே தன் வெள்ளி நிறத்தைக் கரைத்துக்கொண்டு, நாலாவது விமானம் எதிர்த் திசை ஃபைனலில், கீழ்க்காற்றை நம்பி, தாழ வந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். அவரும் இடது வட்டத்தில் இருந்தவரும் ஒரே ஓடுபாதைக்கு இரு முனைகளிலிருந்தும் வருகிறார்கள். இருவரிடத்திலும் வானொலி இல்லை. பெரியவர் பதறவில்லை. விமானத்தைத் தாமே வாங்கிக்கொண்டு, காற்றுப்பைக்கு நேர் மேலே, இறக்கைகளைப் பெரிதாக அசைத்தபடி, கீழ்க்காற்றுக்குரிய வலது வட்டத்தின் திசையிலே ஒரு சுற்று வந்தார். டவுன்விண்டில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். தெற்கே விலகி, உயரம் ஏறி, எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். நாலாமவர் இறங்கி, ஓடுபாதையை விட்டு ஒதுங்கினார். அதன் பிறகே நாங்கள் இறங்கினோம். ஒரு சொல்லும் பேசாமல் நால்வருக்கும் ஒரே மனம் உண்டாக்கிய அந்தச் சுற்றை, எந்த வித்துவானின் எந்த ஆலாபனைக்கும் நான் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

இன்று மண்டகள்ளியில் கோபுரம் இருக்கிறது. 2010இல் புதிய முனையம் திறந்து, 1,740 மீட்டர் ஓடுபாதையில் பயணிகள் விமானங்கள் வந்து போகின்றன. அது வேண்டியதே; அதற்காக நான் வருந்தவில்லை. என் வருத்தம், கோபுரத்தின் நிழலிலேயே பயின்று வருகிற இளைஞர்கள், கோபுரமற்ற களத்துக்குப் போகும்போது அதற்குரிய கண்ணைக் கொண்டு போவதில்லை என்பதுதான். சர்க்யூட் வர வர அகன்றுகொண்டே போகிறது. எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்கு மிதந்து வந்து சேர முடியாத தூரத்திலே, பெரிய ஜெட் ஓட்டுகிற பாவனையில் டவுன்விண்ட் பறக்கிறார்கள். வானொலியைத் திறந்து, இப்பக்கத்தில் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அமெரிக்க அதிகாரிகளே கூடாது என்று எழுதிவைத்த வழக்கம் அது, ஏனெனில் வானொலி இல்லாதவன் பதில் சொல்ல மாட்டான், இருப்பவனோ கேட்காமலே சொல்லியிருப்பான். மேல் இறக்கை விமானம் தனக்கு மேலே இருப்பதைக் காணாது, கீழ் இறக்கை விமானம் தனக்குக் கீழே இருப்பதைக் காணாது, இவ்விரண்டும் ஃபைனலில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் இருவருமே குருடர் என்பதை வகுப்பில் எழுதித் தேறுகிறார்கள். வானத்தில் கண்ணாடித் திரையைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். திரையிலே அயலான் ஒரு புள்ளியாகத் தெரிவது நல்லதே. அந்தப் புள்ளியை அனுப்பும் கருவி இல்லாத விமானம் திரையில் இல்லை, ஆகாயத்தில் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு, தெற்கே ஒரு சிறு களத்தில், நானும் நண்பரும் 1,000 அடியில் டவுன்விண்டை முடிக்கும் தறுவாயில், பளபளப்பான புது விமானம் ஒன்று எங்களுக்குக் கீழே நுழைந்து, தாழ்ந்தவனுக்கே முன்னுரிமை என்ற விதியைத் தனக்கு அனுகூலமாகப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் இறங்கிப் போயிற்று. தாழ்ந்தவனுக்கு முன்னுரிமை உண்டு. அதைக் கொண்டு அடுத்தவன் முன்னால் நுழைவதற்கு உரிமை இல்லை. அதே விதியின் அடுத்த வரி அது. அந்த விமானி மேல் வட்டம் போட்டிருந்தால் எங்களைப் பார்த்திருப்பார். பார்த்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

பயிற்சி தரும் பெரியோர்களிடம் என் விண்ணப்பம் இதுதான்: மாணவனைத் தனியே அனுப்புமுன், ஒரு நாளாவது கோபுரமில்லாத களம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள், மேலே 2,000 அடியில் ஒரு சுற்றுப் போடச் சொல்லி, எத்தனை என்று கேளுங்கள், அவன் சொல்லுகிற கணக்கு சரியாக வரும்வரை இறங்க விடாதீர்கள்.