நவீன கவிதை: பரம்பரைகளும் தராதரமும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றத் தலைவர் ஐயா கேட்டார். அவர் சொல்லைத் தட்ட முடியாது. எழுத்து அணி, வானம்பாடி அணி, மஹாகவி வழி என்ற பிரிவுகள் நம் அங்கத்தவர்கள் அறிந்தவைதாம். அவற்றை மறுபடி விளக்கப் போவதில்லை. இவற்றுக்கு நீர் பாய்ந்த ஐரோப்பிய ஊற்றுகளில் ஒன்றையும், அதை எங்கள் ஆசிரியர் மடுல்சீமைப் பிள்ளைகளுக்குக் காட்டிய விதத்தையும் எழுதுகிறேன்.

1909இல் மரினெட்டி பாரிஸ் பத்திரிகையொன்றில் எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டார். 1916இல் சூரிச்சில் ஹியூகோ பால் பொருளற்ற ஒலிகளையே கவிதையாக வாசித்தார். 1924இல் பிரெத்தோனின் சர்ரியலிச அறிக்கை வந்தது. இவர்களுக்கெல்லாம் மேலாக எங்கள் ஆசிரியர் போற்றியது அப்பொலினேரை. 1913இல் ‘அல்கூல்’ தொகுதி அச்சேறும் தறுவாயில் நிறுத்தற்குறிகள் அத்தனையையும் நீக்கியவர் அவர். அதே தொகுதியில் எட்டசை அடிகளால் ஐந்தடிப் பாட்டுகளைப் பிசகாமல் கட்டியவரும் அவரே. இந்த இரண்டாவது செய்தியைத்தான் ஆசிரியர் அழுத்திச் சொல்வார்.

ஒரு மார்கழி அடைமழையில், தகரக் கூரை இரைச்சலில் பாடம் கேட்காதபோது, அப்பொலினேரின் மழைக் கவிதையைப் போலக் கரும்பலகையில் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரித்துச் சரித்துக் கீழே இறக்கினார். நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். உடனே துடைத்துவிட்டு, "இப்ப இதையே நேர்வரியில எழுது. அப்பவும் மழை பெய்யுதா பார்ப்போம்" என்றார். அவரிடம் புதுக்கவிதை கொண்டுபோகிறவர் முதலில் ஒரு வெண்பாவும், லயத்துப் பாட்டிமாரிடம் கேட்டெழுதிய ஒரு தாலாட்டும் காட்ட வேண்டும். சிவப்பு மையால் அவர் முதலில் வெட்டுவது பெயரடைகளைத்தான்.

மரபில் தேறியே புதுமைக்கு வா என்ற இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் நம் பரம்பரைகளின் உயரம் தெரியும். ‘எழுத்து’ வளர்த்த நம் திருகோணமலைப் பிரமிளின் படிமங்களுக்கு இன்னும் ஈடில்லை. 1974இல் ‘பால்வீதி’யில் சர்ரியலிசத்தைத் தமிழாக்கிக் காட்டிய அப்துல் ரகுமான் மரபில் ஊறியவர். மஹாகவி ‘குறும்பா’வில் ஆங்கில லிமரிக்கைப் பிடித்து ஈழத்துப் பேச்சோசையில் நடக்கவிட்டார். வானம்பாடிகளிடம் உரத்த குரல் சற்று அதிகம் என்பது என் எண்ணம். அந்த அணியைப் போற்றும் பெரியவர்கள் பொறுத்தருள்க. மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதியபோதும் நம் மக்களின் பாட்டுகளைத் தேடித் திரட்டியவர். அவர் கவிதையைத் தமிழில் தந்த சக்தீ பாலையா தூரிகையும் பிடித்தவர்.

இன்று எழுதுவோர் எவரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வாக்கியத்தை நான்காக முறித்து, கடைசியில் மூன்று புள்ளி வைத்து, அதை நவீனம் என்று மேடையேற்றுவதை எத்தனை காலம் பொறுப்பது? கேட்டால் சர்ரியலிசம் என்கிறார்கள். வெண்பாவின் ஈற்றடி எத்தனை சீர் என்று தெரியாது. தாலாட்டு ஒன்று கேட்டதில்லை. கவியரங்கில் தன் முறை முடிந்ததும் அடுத்தவர் கவிதையைக் கேளாமல் எழுந்து போகிறார்கள். போகும்போது பொன்னாடையை மட்டும் மறப்பதில்லை. மூத்தவர்கள் வெறும் நாற்காலிகளைப் பார்த்து வாசித்த அரங்குகளும் உண்டு. தொகுதி வெளிவருமுன்பே பட்டம் அச்சிட்ட அழைப்பிதழ் வருகிறது. அணிந்துரை எழுதியவராவது நூலைப் படித்தாரா என்ற ஐயம் எனக்குண்டு.

அடுத்த கவியரங்கிலேனும் கடைசிக் கவிஞர் வாசித்து முடித்த பிறகே பொன்னாடை போர்த்த வேண்டுமென்று செயற்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.