கணினிக் கடையும் கடன் கொப்பியும்

துருக்கி நாட்டு நொக்தா கேம்ஸ் நிறுவனத்தார் 2024 பெப்ருவரியில் வெளியிட்ட 'சூப்பர்மார்க்கெட் சிமுலேட்டர்' என்னும் கணினி ஆட்டம் கடைவாணிகத்தையே பொருளாகக் கொண்டது. ஆடுவோன் சரக்குக்குக் கட்டளையிடுகின்றான். வாயிலில் வந்திறங்கும் பெட்டிகளைச் சுமந்து தட்டுகளில் அடுக்குகின்றான். சந்தை விலை ஏறியிறங்குந்தோறும் தன் விலையைத் திருத்துகின்றான். விலை மிகுந்தால் வந்தவர் குறைகூறி ஏகுவர். தட்டு வெறுமையாயினும் அவ்வாறே. மிச்சச் சில்லறையையும் அவனே எண்ணிக் கொடுத்தல் வேண்டும். இருப்பும் விற்பனையும் ஒன்றையொன்று இழுக்கும் இயல்பை இத்துணைத் தெளிவாகக் காட்டும் வணிகப் பாடநூல் அரிது. மாணவர் இதனை ஆசிரியர்க்கு மறைத்து ஆடவேண்டியதில்லை.

ஆயினும் வெள்ளவத்தைக் காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ பலசரக்குக் கடையோடு பழகியவர்க்கு ஒரு குறை உடனே புலனாகும். இவ்வாட்டத்தில் வாங்குவோர்க்குப் பெயரில்லை. ஆதலின் கடன் கொப்பியும் இல்லை. காசோ அட்டையோ இன்றி எவரும் வாரார். மாத முடிவில் தருவதாகச் சொல்லி அரிசி கேட்கும் அயலாருக்கு ஆம் என்பதா, இல்லை என்பதா? சிறுகடைக் கணக்கின் அரிய பகுதி அதுவேயாகும். அவ்வினா இங்கு எழுவதேயில்லை.

மேலும், உரிமமும் பணமும் இருப்பின் ஆட்டத்தில் பெட்டி வந்தே தீரும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் நூற்றுக்கு 69.8 ஏறியது, உணவுப் பொருள் மட்டும் 94.9. விற்ற காசு அதே மூட்டையை மீண்டும் வாங்கப் போதாத காலம் அது. கிடைத்த சில பால்மாப் பொதிகளை முதலில் வந்தவர்க்குக் கொடுப்பதா, குழந்தையுள்ள வீட்டார்க்கு ஒதுக்குவதா என்னும் இடர்ப்பாட்டை ஒரு கட்டத்திலேனும் இவ்வாட்டத்திற் சேர்த்திருக்கலாம்.