வானூர்திப் போரும் தமிழ்ப் புதினமும்

இரண்டாம் உலகப்போரைக் களமாகக் கொண்டு தமிழில் எழுந்த புதினங்களுள் முதலிடம் பெறத்தக்கது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' என்பது என் துணிபு. 1972ஆம் ஆண்டு நூலுருப் பெற்ற அப்புதினத்தில், சப்பானியப் படை புகுந்த மேடான் நகரும், வட்டிக்கடைத் தமிழரும், இந்திய தேசிய இராணுவத்தினரும், புயலில் அலைப்புண்ட தொங்கானும் கண்முன் நிற்கின்றன. எனினும், போர்க்காலத்தில் விண்ணிலிருந்து குண்டெறிந்தோன் ஒருவனின் நெஞ்சம் அங்கும் திறக்கப்படவில்லை. நாம் போற்றும் பிற போர்ப் புதினங்களின் நிலையும் இதுவே. வானூர்தி வரும், மக்கள் ஓடுவர், ஊர் எரியும். ஓட்டியவன் யார் என்று எவரும் வினவார்.

தமிழர்க்கு அத்துறையில் பட்டறிவு இன்மையே இதன் காரணம் என்பார் உளர். இக்கூற்று எனக்கு உடன்பாடன்று. சிங்காரம் தென்கிழக்காசியாவில் வாழ்ந்தவர் ஆதலின் அவர்க்குப் பட்டறிவு துணைநின்றது உண்மையே. ஆயின் கலிங்கத்துப் போரைச் சயங்கொண்டார் பேயின் வாய்மொழியாகப் பாடினார். பேயின் பட்டறிவு அவர்க்கு எங்ஙனம் வாய்த்தது? காரணத்தை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். நம் இலக்கிய மரபு வானூர்தியை எங்கிருந்து கண்டது என்பதே நோக்கற்குரியது.

இவ்வாராய்ச்சிக்குக் கம்பம் பள்ளத்தாக்கினும் பொருத்தமான இடம் பிறிதில்லை. மதுரையை எரியூட்டிய கண்ணகி வையைக் கரைவழி நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை நிழலில் நின்றாள். பதினான்காம் நாள் கோவலனொடு வான ஊர்தியில் விண் புக்காள் என்பது சிலப்பதிகாரம். அக்குன்றம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. குமுளிக்கு அருகே, பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் மலைமுகட்டில் அமைந்த மங்கலதேவி கண்ணகி கோயிலே அவ்விடம் என்பது இப்பகுதி மக்களின் மரபு. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் மலையேறிச் சென்று வழிபடுவர். இடம் எதுவாயினும் ஆகுக. காட்சியை நமக்கு உரைப்போர் யார் என்பதே ஈண்டு வினா. மண்ணில் நின்று அண்ணாந்து பார்த்த குறவர்களே உரைக்கின்றனர். ஊர்தியுள் அமர்ந்த கண்ணகிக்குக் கீழே விரிந்த நிலம் எவ்வாறு தோன்றிற்று என்று இளங்கோவடிகள் கூறினாரல்லர். குறவர் செங்குட்டுவனுக்கு உரைத்த அச்செய்தியே வடபுலப் படையெடுப்பிற்கும் வித்தாயிற்று. தரையில் நின்றோரின் சான்று ஒரு போரையே தோற்றுவித்தது. விண்ணில் சென்றவளின் சான்று காப்பியத்திற்கு அப்பொழுது தேவைப்படவில்லை.

சீவக சிந்தாமணியில் இந்நிலை சற்று மாறுகின்றது. கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனை முற்றுகையுற்றபோது, சச்சந்தன் தான் முன்னரே செய்வித்த மயிற்பொறியில் கருவுற்ற விசயையை ஏற்றி அனுப்புகின்றான். பொறியை இயக்கும் முறையை அவள் பயின்றவள். போர்க்காலத்தில் வானூர்தி செலுத்தியோர் வரிசையில் தமிழ்க் காப்பியம் தரும் முதல் உருவம் ஒரு பெண் என்பதை மாணவர் பலர் கருதிப் பார்ப்பதில்லை. பகைவனின் வெற்றி முரசம் கேட்டு அவள் மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. விண்ணில் இருந்தும் செவி மண்ணிலேயே இருந்தது.

மேலிருந்து களத்தைக் காணும் காட்சியும் நமக்குப் புதிதன்று. கம்பரின் சீதை களம் காண் படலத்தில் விமானத்தில் ஏற்றப்பட்ட சீதை, கீழே வீழ்ந்து கிடப்போரைக் கண்டு புலம்புகின்றாள். அவர்களை வீழ்த்திய இந்திரசித்தோ, வானில் மறைந்து நின்று படைக்கலம் ஏவியவன். ஆக, விண்ணிலிருந்து காண்பவள் கொல்லவில்லை. விண்ணிலிருந்து கொன்றவனோ மறைந்தான். பிற்காலப் போர்விமானி இவ்விரு நிலையையும் ஒருங்கே உடையவன். காண்பவனும் அவனே, கொல்பவனும் அவனே. இவனை வைத்தற்கு மரபில் ஆயத்தமான இருக்கை இல்லை.

புறத்திணை இலக்கணமும் இங்குத் துணைசெய்யத் தயங்குகின்றது. உழிஞை மதிலை வளைத்தல். நொச்சி மதிலைக் காத்தல். மதிலுக்கு மேலே பறந்து செல்வோனுக்கு எத்திணை? முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு விடுமுன் ஆவும் பார்ப்பாரும் மகளிரும் பிணியுடையோரும் மகப்பேறு இல்லாதோரும் அரண் அடைக என்று அறிவிக்கும் அறநெறியைப் போற்றினார். வான்குண்டுக் காலத்திலும் எச்சரிக்கை ஒலி உண்டு. ஆயின் அதனை எழுப்புவோன் தாக்க வருவோன் அல்லன், தாக்கப்படுவோன். அறத்தின் திசையே மாறிவிட்டது. விமானியைத் தலைவனாகக் கொள்ளும் புதின ஆசிரியர் முதலில் விடைகாண வேண்டிய சிக்கல் இதுவாகும். இயந்திர நுட்பம் பிற்பட்டது.

மற்றொன்று. அகப்பாடல்களில் போர் முடிந்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துக என வலவனை ஏவுகின்றான். வலவன் பெரும்பாலும் கேட்போனாகவே நிற்கின்றான். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்று 27ஆம் பாட்டில் கூறும் விண்ணூர்திக்கோ வலவனே வேண்டா. ஓட்டுநனைப் பேசவையாத பழக்கம் நம்மிடம் நெடிது.

மேலைநாட்டார் இச்சிக்கலை எதிர்கொண்ட முறைகளுள் ஒன்றை மட்டும் குறிப்பேன். ஆங்கிலப் புதின ஆசிரியர் லென் டெய்ட்டன் 1970இல் வெளியிட்ட 'பாம்பர்' என்னும் நூலில், ஒரே இரவில் நிகழும் குண்டுவீச்சை விமானிகள் பக்கமும் செருமானியச் சிற்றூரான ஆல்ட்கார்ட்டன் பக்கமும் மாறிமாறி நின்று காட்டுகின்றார். தாக்கக் கருதிய நகரம் வேறு. குண்டு விழுந்த ஊர் வேறு. அந்நாளை 1943 சூன் 31 என்று அவர் குறித்தமை கூர்ந்து நோக்கத்தக்கது. சூனில் 31ஆம் நாள் இல்லை. வரலாற்றுப் புதினத்தில் கற்பனையின் எல்லையை ஒரு தேதியாலேயே உணர்த்திய திறம் அது. நுட்பச் செய்திகளின் பெருக்கத்தால் மாந்தர் சிலவிடத்து மங்கித் தோன்றுதல் அந்நூலின் குறை.

இத்தகைய இருமுகப் புதினத்திற்குரிய கருப்பொருள் நம்மிடமே உண்டு. 1932இல் தோன்றிய இந்திய வான்படையின் முதல் அணி, 1944இல் அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் இருந்து பறந்தது. எதிர்ப்புறத்தே சப்பானியரோடு வந்தது இந்திய தேசிய இராணுவம். அவ்விராணுவத்தில் மலாயாத் தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்தமை யாவரும் அறிந்தது. மேலே இந்தியன், கீழே இந்தியன். இருவரும் தத்தம் கடமையைப் பிழையின்றிச் செய்ததாகவே எண்ணியிருக்கக் கூடும். விமானியைக் கொடியவனாக்கினும் வீரனாக்கினும் இப்பொருள் சிதையும். அவன் இறங்கிய பின்னர், தான் கண்டதை யாரிடம் எம்மொழியில் கூறினான் என்பதில்தான் புதினம் பிறக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கிற்கும் இதில் பங்குண்டு. குண்டு விழாத நிலம் இது. எனினும் போர் இதனைத் தீண்டாமல் விடவில்லை. 1928இல் திறக்கப்பெற்ற மதுரை–போடிநாயக்கனூர் இருப்புப்பாதையின் தண்டவாளங்கள் போரின் பொருட்டுப் பெயர்க்கப்பட்டன. பாதை மீண்டும் இடப்பெற்றது 1950களில்தான். அங்ஙனம் எழுத முன்வரும் ஆசிரியர் தம் முதல் அதிகாரத்தை இம்பாலில் தொடங்க வேண்டுவதில்லை. தண்டவாளம் பெயர்ந்த போடி நிலையத்தில், ஏலக்காய் மூட்டையோடு மாட்டுவண்டிக்குக் காத்துநிற்கும் ஒருவனிடம் தொடங்கலாம்.