லயமும் மாளிகையும்

புலம்பெயர்ந்தோரின் வீடு அவர்தம் பண்பாட்டைக் காட்டும் கண்ணாடி என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட கருத்து. சென்ற இடமெல்லாம் திண்ணையும் முற்றமும் கொண்டு சென்றான் தமிழன் எனப் பெருமை பேசுவோர், அவ்வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்ற வினாவை எழுப்புவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்தோர் யாவரும் ஒரே வர்க்கத்தினர் அல்லர். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டித் தொழிலுக்காகச் சென்ற நகரத்தார், ஈட்டிய செல்வத்தால் காரைக்குடிப் பகுதியில் மாளிகைகள் எழுப்பினர். பர்மாத் தேக்குத் தூண்கள் தாங்கும் அவ்வீடுகள், உழைப்பை விலைக்கு விற்கக் கப்பலேறியவர் கதையைச் சொல்லமாட்டா.

அவர்கள் கதையை அறிய நாம் மலையகத்து லயத்தையே நோக்கவேண்டும். கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இன் பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளருக்கு நிர்வாகம் கட்டிக் கொடுத்தது, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதன் முன் ஓர் இஸ்தோப்பு. விடியலில் பிரட்டுக்கு ஆட்களைத் திரட்டும் வசதியே அவ்வரிசையின் அமைப்பை நிர்ணயித்தது. வாசலில் இட்ட கோலமும், அருகே எழுந்த மாரியம்மன் கோயிலும், ஆண்டுதோறும் ஆடிய காமன் கூத்தும் லயத்தை மீறி அம்மக்கள் காத்துக்கொண்ட பண்பாடாகும்.

தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. தலைக்கு மேல் கூரை இருந்தும் தொழிலாளி வீடற்றவனே. வேலை போனால் காம்பராவும் போகும். தனி முகவரியின்றி அவன் கடிதமும் தோட்டத்தின் பெயராலேயே வந்து சேரும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனுமாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கியது. மூட்டை கட்டச் சொல்லப்பட்டவன் எந்த நம்பிக்கையில் சுவர் எழுப்புவான்?

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. லயம் மாறவில்லை. எஞ்சிய நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது 2003இலேயே. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் நிலத்தில் தனிவீடுகள் எழுந்துள்ளமை வரவேற்கத்தக்கதே. எனினும் எண்ணற்ற குடும்பங்கள் இன்றும் லயத்திலேயே வாழ்கின்றன என்பதை மறந்துவிடலாகாது.

ஆதலின், மலையக இலக்கியத்தை மதிப்பிடும் நாம் லயத்தை இரக்கத்துக்குரிய பின்னணியாக மட்டும் கொள்ளுதல் தகாது. அது நிலத்துக்கும் உழைப்புக்கும் இடையிலான உறவு கல்லிலும் தகரத்திலும் எழுதப்பட்ட ஆவணம். காணி உறுதி கைக்கு வரும் நாளில் அம்மக்கள் தாமே விரும்பிக் கட்டும் வீட்டிலேதான், அவர்தம் பண்பாடு கட்டடக்கலையாக எவ்வுருவெடுக்கும் என்பதை நாம் முதன்முதலாகக் காண்போம்.