சத்தியத்தின் தூணும் ஒரு சிறுநூலும்

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம் 3:15 திருச்சபையைச் சத்தியத்தைத் தாங்கும் தூணாகக் காட்டுகிறது. இப்பகுதியின்மேல் நம் பிரசங்க பீடங்களில் நிகழ்த்தப்படும் அருளுரைகள் பெரும்பாலும் ஒரே திசையில் செல்வதை நாம் கவனித்திருக்கிறோம். துர்உபதேசம் வெளியிலிருந்து வருகிறது. திருச்சபை விசுவாசப் பிரமாணத்தைக் கையிலேந்தி அதனை எதிர்த்து நிற்கிறது. இதுவே சத்தியத்தைக் காப்பது என்று முடிப்பார்கள். திருச்சபையே பிறரைக் குறித்துப் பேசும் பேச்சு மெய்யா பொய்யா என்னும் கேள்வி அங்கே எழுவதில்லை. பத்துக் கற்பனைகளுள் பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனையும் ஒன்று என்பதை நாம் ஞானஸ்நான ஆயத்தக்காரருக்குக் கற்பிக்கிறோம். நம் அறிக்கைகளுக்கு அதனை உரைகல்லாக்கிப் பார்ப்பது அரிது.

இதனை ஆராயத் திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1841இல் இடையன்குடிக்கு வந்து, 1877இல் உதவி அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற இராபர்ட் கால்டுவெல் ஐயர், 1849இல் 'தி டின்னவேலி ஷானார்ஸ்' என்னும் சிறுநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இன்று நாடார் எனப்படும் சமூகத்தாரின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் குறித்தது அது. மறு ஆண்டே இலண்டனிலும் அச்சாயிற்று. அச்சமூகத்தார் இலங்கையினின்று குடியேறியவர்கள் என்றும், பேய் வழிபாடே அவர்தம் சமயம் என்றும், அறிவாற்றலில் பின்தங்கியவர்கள் என்றும் அந்நூல் வரைந்தது.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை ஈந்த அப்பெரியாருக்குத் தமிழுலகம் பட்டுள்ள கடன் பெரிது. அதனைக் குறைக்க நாம் எழுதவில்லை. சிறுநூலிலும் பனைத்தொழிலைப் பற்றிய பகுதிகள் கண்ணால் கண்டு எழுதியவை, இன்றும் பயனுடையவை. ஆகவே, அறியாமையால் எழுதினார் என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. எட்டாண்டுகள் அம்மக்களோடு வாழ்ந்தவர் அவர். அப்படியானால் குறை எங்கே? அந்நூல் யாரைக் குறித்து எழுதப்பட்டதோ அவர்களுக்காக எழுதப்படவில்லை. மிஷன் பணிக்கு அனுதாபமும் காணிக்கையும் அளிக்கும் இங்கிலாந்து வாசகரே அதன் சபையார். அவர்கள்முன் இருள் எத்துணைக் கறுப்பாகத் தோன்றுகிறதோ, அத்துணைப் பிரகாசமாகத் தோன்றும் நற்செய்திப் பணி. இச்சோதனையில் மேதையும் தவறினார். தாம் ஞானஸ்நானம் கொடுத்த மக்களைக் குறித்து, அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்னும் எண்ணத்தில் ஒருவர் எழுதுவாராயின், அவர் எழுத்தில் தகவல் இருக்கலாம், சத்தியம் இராது. 'எமெத்' என்னும் எபிரெயச் சொல் மெய்ம்மையையும் உண்மையுடைமையையும் ஒருங்கே குறிப்பதை மாணாக்கர் அறிவர்.

ஆனால் அவர்கள் வாசித்தார்கள்! மிஷன் கல்வி பெற்று, மிஷன் பணியிலிருந்து, மிஷனெரியோடு ஏற்பட்ட பிணக்கினால் நீக்கப்பட்ட அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை அந்நூலை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார். 1857இல் நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில் ஐரோப்பிய மிஷனெரிகளின் ஆளுகைக்கு உட்படாத தனிச்சபையை நிறுவினார். அச்சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தது. பழைய ஏற்பாட்டு முறைமைகள் பலவற்றை ஏற்றது. நம் வரலாற்று வகுப்புகளில் இதனைப் 'பிரிவினை' என்னும் ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். நியாயப்பிரமாணத்துக்குத் திரும்பிய அவருடைய போதனையை நாம் ஏற்கவில்லை. கலாத்தியருக்கு எழுதின நிருபத்தை வாசிக்கும் எவரும் ஏற்பது கடினம். எனினும் தம் மக்களைக் குறித்த அவதூறுக்கு எதிராக அவர் நின்ற இடம், சத்தியத்தைக் காக்கும் இடமே. உபதேசத்தில் பிழைபட்டவர் ஒருவர் ஒன்பதாம் கற்பனையைக் காத்ததும், உபதேசத்தில் திடமான திருச்சபை அதனைக் காவாமற்போனதும் நம்மைச் சிந்திக்கச் செய்யவேண்டும். எதிர்ப்பு 1880களிலும் ஓயவில்லை, மனுக்கள் எழுந்தன. இறுதியில் நூல் புழக்கத்தினின்று நீக்கப்பட்டது.

1 பேதுரு 3:15இல் 'அப்போலொகியா' என்னும் கிரேக்கச் சொல் வருகிறது. நம்பிக்கையைக் குறித்து வினவுவோனுக்கு உத்தரவு சொல்வது அது. வினவுவோன் எதிரில் நிற்கிறான் என்பதும், சாந்தமும் வணக்கமும் அதனோடு சேர்த்துக் கேட்கப்படுவதும் நோக்கத்தக்கன. முதுகுக்குப் பின்னால் உரைக்கப்படுவது அப்போலொகியா ஆகாது.

வடதிருநெல்வேலியில் நற்செய்தி அறிவிக்கப்பட்ட முறை சற்று வேறானது. கேம்பிரிட்ஜில் கல்லூரி உறுப்பினராயிருந்த ராக்லாந்து ஐயர், சென்னையில் மிஷன் சங்கச் செயலராகவும் பணிபுரிந்தபின், 1854 முதல் சிவகாசியை நடுவாகக்கொண்டு, உடன் ஊழியரோடு கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்றார். 1858இல் சிவகாசியிலேயே மரித்தார். கூடாரத்தில் தங்குகிறவன் ஊரார் தன்னைக் காண இடம்கொடுக்கிறான். முறை நல்லது என்பதனால் கூடாரவாசி யாவரும் மெய் பேசுவர் என்று நாம் சொல்லவரவில்லை.

ஏனெனில் நாமும் கூடாரவாசியே. சிவகிரிப் பக்கத்தில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றைக் குறித்து ஆண்டறிக்கை எழுதவேண்டியிருந்தது. ஊழியத்தின் தேவையை உணர்த்துவதற்காக, அவ்வூரார் 'அறியாமையிலும் குடியிலும் மூழ்கியவர்கள்' என்று எழுதி அனுப்பினோம். அச்சாகி வந்தது. சில மாதங்களுக்குப்பின் அவ்வூர் வாலிபர் ஒருவர், கல்லூரியில் படிக்கிறவர், இதழைக் கையில் வைத்துக்கொண்டு குருமனைக்கு வந்தார். "ஐயரே, எங்கள் வீட்டில்தானே சாப்பிட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அவருடைய தாயார் மகளிர் சங்கத்துக் கணக்கை எழுதுகிறவர். அவ்வீட்டில் மதுவருந்துவோர் ஒருவருமில்லை. அவ்வூரில் குடி உண்டு. எந்த ஊரில் இல்லை? நம் சேகரத்துப் பழைய குடும்பங்களில் இல்லையா? அவற்றைப் பற்றி நாம் ஆண்டறிக்கையில் எழுதினதில்லை.

அன்றைக்கு விடை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கால்டுவெலைக் குறித்து மாணாக்கருக்குப் பாடம் நடத்தியது அதற்கு முந்தின வாரத்தில்தான். அடுத்த அறிக்கையை அனுப்புமுன் அவ்வாலிபரிடமே வாசிக்கக் கொடுத்தோம். இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தினார். ஊரார் தாமாகவே கூடி வாய்க்கால் வெட்டிய செய்தியை ஓரத்தில் எழுதிச் சேர்த்தார். அதை நாம் அறியாதிருந்தோம். அப்படியே அனுப்பினோம்.